இரத்த அழுத்தமும் மருந்துண்ணும் முறையும்

(பூதிகோட்டையில் நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. கம்பனையும் இளங்கோவையும் எடுத்துரைக்க நம்மினும் வல்லார் பலர் இச்சபையில் வீற்றிருக்கின்றனர். நாமோ மெட்ரிகுலேஷன் வரை பயின்று, இரயில்வே அலுவலகத்தில் பேரேடும் படிவமும் எழுதிப் பொழுது கழிப்பவர். மருத்துவர் அல்லோம், மருந்து விற்பவரும் அல்லோம். அவ்வாறிருந்தும் இரத்த அழுத்த மருந்தைப் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணம் உண்டு. சங்க நன்கொடைக்காக வீடுதோறும் சென்றபோது, முதியோர் உள்ள இல்லங்களிலெல்லாம் சுவாமி படத்தின் கீழோ வானொலிப் பெட்டியின் மேலோ ஒரு மாத்திரை அட்டை கிடப்பதைக் கண்டோம். அதன் பெயர் என்ன, எதற்காக, எதனுடன் சேரலாகாது என வினவியபோது, விடை கூறியோர் மிகச் சிலரே. உயிரைக் காக்கும் பொருளொன்று நம் வீட்டில் இருக்க, அதன் இயல்பை அறியாதிருத்தல் தகுமோ?

அன்பர்களே! அழுத்தம் என்னும் சொல்லைத் தங்கவயல் மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. நம் சாம்பியன் ரீப் சுரங்கம் நிலமட்டத்துக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் சென்றது. அத்துணை ஆழத்தில் பாறையின் மீது அழுத்தம் நாளும் ஏறிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேளாது. ஒரு நாள் திடீரெனப் பாறை வெடிக்கும். அதன் அதிர்ச்சியில் மேலே வீட்டுப் பாத்திரங்கள் உருண்டதைக் கண்ட முதியோர் இங்கே பலர் உளர். அதனாலன்றோ, பாறை அமைதியாக இருக்கும் நாளிலும் அதன் அசைவை அறிய அதிர்வுமானிகளை அமைத்தார்கள்!

இரத்த அழுத்தமும் அத்தகையதே. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. ஆகவே நோயும் இல்லை என்று நம்மவர் எண்ணுகின்றனர். ஆனால் 140க்கு 90 என்னும் எல்லையைக் கடந்த அழுத்தம், மூளையின் குழாய்களையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஓசையின்றி அரித்துக்கொண்டே இருக்கும். பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ அது வெளிப்படும் நாளில் காலம் கடந்துவிடும். உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்கிட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதோர்.

சுரங்கம் இயங்கிய காலத்தில் தொழிலாளியின் நோய்க்குச் சுரங்க மருத்துவமனை இருந்தது. அவன் நோய் வரலாறு ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் பங்காரப்பேட்டையிலும் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். முதியவருக்கு ஓர் ஊரில் ஒரு மருத்துவர் மருந்து எழுதுகிறார். வேறோர் ஊர்க் கடையில் மகன் அதை வாங்குகிறான். முழங்கால் வலிக்கு மூன்றாவது இடத்தில் வேறொரு மாத்திரை வாங்கப்படுகிறது. இம்மூன்றையும் ஒருசேரப் பார்ப்பவர் எவருமிலர். ஆகவே நம் மருந்தின் கணக்கை நாமே வைத்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது.

இரத்த அழுத்தத்துக்கு மருந்துகள் பலவகைப்படும். அவற்றுள் ஏ.சி.இ. தடுப்பு மருந்து எனப்படும் ஒருவகையைப் பற்றியே இன்று பேசுகிறோம். எனலாப்ரில், லிசினோப்ரில், ரமிப்ரில், பெரிண்டோப்ரில் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. பெயரின் ஈற்றில் "ப்ரில்" என்று வருவதே இவற்றின் அடையாளம்.

இம்மருந்தின் பிறப்பு வரலாறு சுவையானது. அழுத்த நோய்க்கு நம் பாரத நாடு முன்னரே ஒரு மருந்தை உலகுக்கு அளித்திருந்தது. சர்ப்பகந்தா என்னும் மூலிகையின் வேரை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949ஆம் ஆண்டு பிரிட்டனின் இதயநோய் இதழில் கட்டுரை வெளியிட்டார். 1952இல் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அம்மருந்து அழுத்தத்தைத் தணித்தது. ஆயினும் சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கியதால் நாளடைவில் பின்தங்கியது.

சர்ப்பத்தின் பெயர் கொண்ட மூலிகைக்குப் பின், மெய்யான சர்ப்பத்தின் நஞ்சிலிருந்தே அடுத்த வழி பிறந்தது. பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்றொரு விரியன் பாம்பு உண்டு. அது தீண்டினால் இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். அந்நாட்டு அறிஞர் ரோச்சா இ சில்வாவும் அவர்தம் குழுவினரும் இதனை ஆராயுங்கால், பிராடிகைனின் என்னும் பொருளை 1949இல் உலகுக்கு அறிவித்தனர். அவர் மாணவர் செர்ஜியோ பெரைரா, பாம்பின் நஞ்சில் அப்பொருளின் ஆற்றலைப் பெருக்கும் கூறு ஒன்று உண்டென 1965இல் கண்டார். அக்கூறு இலண்டனில் ஜான் வேன் என்பாரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தது. அவர் வழியே அமெரிக்க நாட்டு ஸ்குவிப் நிறுவனம் இத்துறையில் இறங்க, அங்கே குஷ்மன், ஒண்டெட்டி என்னும் இருவர் 1975இல் வாய்வழி உண்ணத்தக்க கேப்டோப்ரிலை உருவாக்கினர். 1981இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. கொல்லும் நஞ்சு காக்கும் மருந்துக்கு வழிகாட்டியது விந்தையன்றோ!

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது? நம் சிறுநீரகம், தனக்கு வரும் இரத்தம் குறைந்ததாக உணர்ந்தால் ரெனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அதனால் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள் உண்டாகிறது. முதலில் வலிமையற்றதாக இருக்கும் அதை ஏ.சி.இ. என்னும் நொதி வலிமையுடையதாக மாற்றிவிடும். மாறிய அப்பொருள் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், உப்பையும் நீரையும் உடலில் தேக்கும், அழுத்தம் ஏறும். ப்ரில் மருந்து அந்நொதியைத் தடுப்பதால் குழாய்கள் தளர்ந்து, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனினை அழிப்பதும் அதுவே. நொதி தடைப்பட்டால் பிராடிகைனின் தேங்கும். இம்மருந்தின் நன்மைக்கும் தீமைக்கும் காரணம் இவ்வொரு செய்தியில் அடங்கியிருக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இம்மருந்தின் பயனை உலகறியச் செய்தோருள் ஒருவர் நமக்கு அண்மையில் பயின்றவர். கேரளத்தின் கொட்டாரக்கரையிற் பிறந்து, பெங்களூர்ச் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிற் கற்ற சலீம் யூசுப் அவர்களே அவர். கனடா நாட்டில் இருந்து அவர் தலைமையேற்று நடத்திய "ஹோப்" ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. இதயநோய் உற்றோர், அல்லது நீரிழிவுடன் வேறோர் ஆபத்தும் உடையோர், 9,297 பேர் அதிற் பங்கு கொண்டனர். ஒரு சாராருக்கு ரமிப்ரில். மறுசாராருக்கு மருந்தில்லா வெறும் மாத்திரை. ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றில் ஒன்றை அடைந்தோர் வெறும் மாத்திரை உண்டவருள் 100க்கு 17.8 பேர்; ரமிப்ரில் உண்டவருள் 14 பேர். நூற்றுக்கு நான்கு என்றால் சிறிதெனத் தோன்றும். நம் தெருவில் நான்கு வீடுகள் விளக்கணையாமல் தப்பின என்று எண்ணிப் பாருங்கள். அப்போது அதன் பெருமை புலனாகும்.

இனி, இம்மருந்தை உண்போர் விழிப்புடன் இருக்க வேண்டிய இடங்களைக் காண்போம்.

முதலாவது இருமல். இம்மருந்து உண்போர் சிலருக்குச் சளியில்லாத வறட்டு இருமல் வரும். தொண்டையில் இறகால் வருடுவது போலிருக்கும். தேங்கிய பிராடிகைனின் அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. இருமல் மருந்து குடித்தால் இது நிற்காது. ப்ரில் மாத்திரையை மாற்றினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே நிற்கும். வேறூரில் இது சிறு தொல்லை. நம் ஊரிலோ இருமல் என்பது தனிப்பொருள் உடையது. கற்பொடியை மூச்சில் இழுத்துச் சிலிக்கோசிஸ் நோயுற்றோர் நம்மிடையே உண்டு. காசநோயின் கொடுமையையும் நாம் அறிவோம். ஆகவே இங்கு இருவகைத் தவறு நேரலாம். மாத்திரையால் வந்த இருமலைச் சுரங்க இருமல் எனக் கொண்டு மாதக்கணக்கில் வேறு மருந்து உண்பது ஒன்று. மெய்யான காசநோயின் இருமலை மாத்திரையின் மேல் பழிபோட்டுக் காலம் கடத்துவது மற்றொன்று. இரண்டாவது தவறு உயிரையே கேட்கும். எனவே இரண்டு வாரம் தொடர்ந்து இருமல் இருப்பின், மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சளிச் சோதனையும் நடக்கட்டும். மருந்தைப் பற்றிய ஆராய்ச்சியும் நடக்கட்டும். நீங்களே மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். இருமல் நிற்கும், அழுத்தமோ மீண்டும் ஏறிவிடும்.

இரண்டாவது வீக்கம். இது மிகச் சிலருக்கே வரும். வந்தால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. உதடு, நாக்கு, முகம், தொண்டை ஆகியவை திடீரென வீங்கும். மூச்சுக் குழல் அடைபட்டால் உயிர் போகும். மருந்து தொடங்கிய சில நாளில் வரலாம். ஆண்டுக்கணக்கில் நன்றாக உண்டுவந்தவருக்கும் வரலாம். "பல வருடமாக உண்கிறோமே, இதனால் இருக்காது" என்று கூறி, பூச்சிக்கடி எனத் தைலம் தடவிக்கொண்டிருத்தல் ஆகாது. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அவ்வாறு ஒருமுறை வந்தவர் தம் வாழ்நாளில் எந்த ப்ரில் மருந்தையும் மீண்டும் தொடலாகாது. இதனை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். வீங்கிய நாக்குடையவரால் தம் மருந்தின் பெயரைச் சொல்ல இயலாதன்றோ!

மூன்றாவது சிறுநீரகம். இதைப் பற்றிக் கூறவே இன்று மேடையேறினோம் என்றாலும் பிழையில்லை. நம்மிடையே சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்; பெயர் வேண்டா. அழுத்தத்துக்கு ப்ரில் மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் உண்டுவந்தார். முழங்கால் வலிக்குக் கடையிற் கேட்டு வாங்கிய வலிமாத்திரையையும் நாள்தோறும் இருவேளை விழுங்கினார். மூன்றும் தனித்தனியே நல்ல மருந்துகளே. கோடையில் ஒரு நாள் வாந்தியும் பேதியும் கண்டன. "பி.பி. மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது" என்று பிடிவாதமாக அனைத்தையும் உண்டார். மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது. பெங்களூருக்குக் கொண்டு சென்று இயந்திரத்தால் இரத்தம் சுத்தி செய்து காப்பாற்றினர். உயிர் பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவில்லை. மருமகள் நகை அடகுக்குச் சென்றது.

என்ன நிகழ்ந்தது? சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு இரத்தம் வரும் வழி ஒன்று, போகும் வழி ஒன்று. டைக்ளோபினாக், இபுபுரோபென் போன்ற வலிமாத்திரை வரும் வழியைச் சுருக்கும். ப்ரில் மருந்து போகும் வழியைத் தளர்த்தும். நீர் மாத்திரையும் பேதியும் உடலின் நீரையே குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தமே நில்லாமற் போகும். உடல் நலமாக இருக்கும்போது தாங்கிக்கொண்ட சிறுநீரகம், நீர் வற்றிய நாளில் தளர்ந்துவிடும். ஆகவே வலிமாத்திரையைக் கடையிற் கேட்டு வாங்கி உண்ணாதீர்கள். வலிக்கு எது ஏற்றது என மருத்துவரைக் கேளுங்கள். வாந்தி, பேதி, கடுங்காய்ச்சல் வந்து நீர் அருந்த முடியாத நாளில் இம்மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா, எப்போது மீண்டும் தொடங்க வேண்டும் என்பதை, நோய் வருமுன்பே மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து தொடங்குமுன்னும், தொடங்கிய ஓரிரு வாரத்திலும், அளவைக் கூட்டும்போதும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் சிறிது ஏறுதல் இயல்பு. 100க்கு 30 பங்குக்கு மேல் ஏறினால் மருத்துவர் காரணம் தேடுவார். அதன் பின்னரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்தல் நலம்.

நான்காவது பொட்டாசியம். ப்ரில் மருந்து இந்த உப்பை உடலில் தேக்கும். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். "பி.பி. உள்ளவர்க்கு உகந்த உப்பு" எனக் கடையில் விற்கும் சிலவற்றில் சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியமே இருக்கிறது. அதனை மருத்துவரைக் கேளாமல் வாங்கலாகாது. ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மாத்திரையும் பொட்டாசியத்தைத் தேக்குவதே. சிறுநீரகம் தளர்ந்தோர் இளநீரையும் அளவறிந்தே பருக வேண்டும். சாதாரண உப்பைக் குறைப்பது நல்லது. ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் இக்கணக்கில் சேரும் என்பதைத் தாய்மார்கள் மறவாதிருப்பார்களாக.

ஐந்தாவது, தாய்மார்களே, உங்களுக்கே உரியது. கருவுற்ற பெண் இம்மருந்தை உண்ணலாகாது. வயிற்றிலுள்ள சிசுவின் சிறுநீரகத்தை இது கெடுத்துவிடும். இளவயதிலேயே அழுத்தம் கண்ட பெண்கள், குழந்தை வேண்டுமென எண்ணும்போதே மருத்துவரிடம் கூறி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். அறியாமல் உண்டுகொண்டிருக்கையில் கருவுற்றதாகத் தெரிந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். மாமியாரின் மாத்திரையைத் தலைசுற்றலுக்கு மருமகளுக்குக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் பேரக்குழந்தைக்கே தீங்காய் முடியலாம்.

ஆறாவது பெயர்க் குழப்பம். இரயில்வேயில் ஒரு வண்டியின் பெயர் மாறலாம். எண்ணைப் பார்த்தே வண்டியை அறிகிறோம். மருந்திலும் கம்பெனிக்கு ஒரு பெயர். உள்ளிருக்கும் மருந்தின் பெயரோ சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படியுங்கள். இரு வேறு பெயருள்ள அட்டைகளில் ஒரே மருந்து இருக்கக்கூடும்; இரண்டையும் உண்டால் இரட்டிப்பு அளவாகிவிடும். மேலும் டெல்மிசார்டான், லோசார்டான் என "சார்டான்" என முடியும் மருந்துகள் உண்டு. ப்ரில் இருமலைத் தந்தால் மருத்துவர் பெரும்பாலும் இதற்கு மாற்றுவார். மாற்றியபின் பழையதை வீணாக்க மனமின்றி இரண்டையும் உண்போர் உளர். ஒரே தண்டவாளப் பகுதியில் ஒரே வேளையில் இரு வண்டிகளை விடலாமா? சலீம் யூசுப் அவர்கள் முன்னின்று நடத்திய மற்றோர் ஆய்வு 2008இல் இதனை விளக்கியது. 25,620 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரமிப்ரில், ஒரு பிரிவுக்கு டெல்மிசார்டான், ஒரு பிரிவுக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தனர். இரண்டும் உண்டவருக்குக் கூடுதல் நன்மை இல்லை. மயக்கமும் சிறுநீரகக் குறையுமே கூடின. இருமலால் மருந்தை விட்டவர் ரமிப்ரில் பிரிவில் 100க்கு ஏறத்தாழ 4 பேர். டெல்மிசார்டான் பிரிவில் ஒருவரே. சாகுபிட்ரில் கலந்த இதய மருந்தையும் ப்ரிலுடன் சேர்க்கலாகாது. ஒன்றை விட்டு மற்றொன்றைத் தொடங்க 36 மணி நேர இடைவெளி வேண்டும்.

இனிச் சில சிறு குறிப்புகள். முதல் வேளை மருந்துண்டபின் சிலருக்குத் தலை சுற்றும். படுக்கையிலிருந்து மெல்ல எழுந்து அமர்ந்து, பிறகு நிற்க வேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாக உண்ணலாகாது. அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்க. அரைமணி முன்பிருந்து காப்பியும் பீடியும் வேண்டா. அளவு சரியாக இருக்கிறதென்று மருந்தை விட்டுவிடாதீர்கள். மருந்தினால்தான் அது சரியாக இருக்கிறது.

அன்பர்களே, வசதி இல்லை என்று இனிச் சொல்வதற்கில்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் நம் எல்லைக்கு அருகே, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. கன்னட அரசின் "கிருஹ ஆரோக்யா" திட்டம் 2024இல் நம் கோலார் மாவட்டத்திலேயே தொடக்கம் பெற்றது. வீடு தேடி வரும் ஊழியரிடம் கையை நீட்டி அழுத்தம் பார்த்துக்கொள்ள வெட்கமோ அச்சமோ எதற்கு?

வள்ளுவப் பெருந்தகை தம் நூலின் 95ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்றே பெயரிட்டார். மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்பது அவர் முடிவு: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர். முதல் மூன்றும் இன்று நமக்குக் கிடைத்துள்ளன. நான்காவது இடம் காலியாக இருக்கிறது. பெங்களூர் வண்டி பிடிக்கும் இளைஞர்களே, அவ்விடம் உங்களுடையது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தாய் தந்தையர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு தட்டில் பரப்புங்கள். உள்ளிருக்கும் மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வலிமாத்திரையையும் நாட்டு மருந்தையும் விடாது சேர்த்தெழுதுங்கள். அத்தாளின் ஒரு படி அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். மற்றொன்று உங்களிடம் இருக்கட்டும். எழுதத் தெரியாத வீடுகளுக்கு நம் சங்கத்து இளைஞர் சென்று எழுதிக் கொடுப்பார்களாயின், அதைவிடச் சிறந்த தமிழ்த்தொண்டு வேறில்லை.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!